'பவளத் தீவு' நாவலும் அதன் காலனியப் பார்வையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பகுதி நூலகத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறோம். பழைய ஆங்கில சாகசக் கதை எதை எடுத்தாலும் பெற்றோர்களிடமிருந்தும் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறவர்களிடமிருந்தும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன. அதில் அதிகம் அடிபடுவது ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் மைக்கேல் பாலன்டைன் எழுதிய 'தி கோரல் ஐலண்ட்'. இங்கே அதைப் பவளத் தீவு என்றே சொல்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

நான் இதைப் படிச்சதே இல்லை. கதை என்னன்னு சுருக்கமா சொல்லுங்களேன்.

1857-ஆம் ஆண்டின் கடைசியில் வந்த நாவல். ரால்ஃப், ஜாக், பீட்டர்கின் என்று மூன்று ஆங்கிலேயப் பையன்கள். ரால்ஃபுக்கு வயது 15, ஜாக்குக்கு 18, பீட்டர்கினுக்கு 14 இருக்கும். பசிபிக் கடலில் புயலில் சிக்கி இவர்கள் வந்த கப்பல் நாசமாகிறது. மூவரும் ஒரு துடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆளில்லாத தீவு ஒன்றில் கரை ஏறுகிறார்கள். கையில் இருப்பது பாதி உடைந்த ஒரு பேனாக்கத்தி, ஒரு தொலைநோக்கி, கொஞ்சம் கயிறு, ஒரு ஊசி. பெரியவர்கள் யாரும் இல்லை. நாவலின் முதல் பாதி முழுக்க இவர்கள் நெருப்பு மூட்டுவதும், பன்றி பிடிப்பதும், படகு கட்டுவதும், கடலடிக் குகைக்குள் நீந்திப் போவதும்தான். உண்மையைச் சொன்னால் படு சுவாரசியமான பாதி.

இரண்டாம் பாதியில் ஆட்கள் வருகிறார்கள். இரண்டு போர்ப்படகுகளில் தீவுவாசிகள் வந்து கரையில் சண்டை போடுகிறார்கள். பையன்கள் தோற்ற பக்கத்துக்காகப் புகுந்து தராரோ என்ற தலைவனையும் அவாத்தியா என்ற பெண்ணையும் காப்பாற்றுகிறார்கள். அப்புறம் கடற்கொள்ளையர் வந்து ரால்ஃபைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவன் தப்பித் திரும்பியதும் மூவரும் அவாத்தியாவை ஒரு கட்டாயக் கல்யாணத்திலிருந்து மீட்கப் போய்த் தராரோவிடமே மாட்டிச் சிறைப்படுகிறார்கள். கடைசியில் ஒரு மிஷனரி வந்து தராரோ மதம் மாற, சிறை திறக்கிறது, சிலைகள் எரிகின்றன, பையன்கள் ஊருக்குக் கப்பல் ஏறுகிறார்கள்.

எழுதினவர் அந்தத் தீவுகளுக்குப் போய்ப் பார்த்துட்டுத்தான் எழுதினாரா?

இல்லை. அவருக்குத் தெரிந்தது பனியும் குளிரும். 16 வயதில் ஹட்சன் பே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, 1841 முதல் 1847 வரை கனடாவில் விலங்குத் தோல் வியாபாரத்தில் குமாஸ்தாவாக இருந்தார். பவளத் தீவை எழுதியது ஸ்காட்லாந்தில் பர்ன்டைலண்ட் என்ற கடலோர ஊரில் உட்கார்ந்து. பயண நூல்களிலிருந்தும் மிஷனரிகளின் எழுத்துகளிலிருந்தும் எடுத்துக்கொண்டார். 1852-இல் ஜேம்ஸ் போமன் என்ற அமெரிக்கர் எழுதிய ஒரு தீவுக் கதையிலிருந்தும் தாராளமாகவே எடுத்திருக்கிறார்.

இதில் நம்மூர் வாசகர்கள் சிரிக்காமல் தாண்ட முடியாத இடம் தேங்காய். பாலன்டைன் தேங்காயைப் பார்த்ததெல்லாம் பிரிட்டனின் மளிகைக் கடை ஜன்னலில்தான். அங்கே மட்டை உரித்துத்தானே வைத்திருப்பார்கள்? மரத்திலும் அப்படியே காய்க்கும் என்று நினைத்துவிட்டார். பீட்டர்கின் மரத்திலிருந்து காயைப் பறித்து, அந்த உடைந்த பேனாக்கத்தியால் சுலபமாக ஓட்டை போட்டுக் குடிக்கிறான். அரிவாளோ கடப்பாரையோ இல்லாமல் இளநீர் சீவ முயன்ற எவருக்கும் தெரியும், அது நடக்கிற காரியமில்லை. இந்தப் பிழை பின்னால் தெரியவந்ததும் பாலன்டைனுக்கு உறுத்திவிட்டது. இனி நேரில் பார்க்காமல் எழுதக்கூடாது என்று முடிவு செய்து, அப்படியே நடந்தும் காட்டினார். கலங்கரை விளக்கக் கதைக்காக பெல் ராக் விளக்கில் போய்த் தங்கினார், தீயணைப்புக் கதைக்காக லண்டன் தீயணைப்புப் படையோடு சுற்றினார், சுரங்கக் கதைக்காகக் கார்ன்வால் தகரச் சுரங்கங்களுக்குப் போனார்.

தேங்காயைப் பார்த்த அதே ஜன்னல் வழியாகத்தான் தீவு மக்களையும் அவர் பார்த்தார். கீழே வரும் பெரும்பாலான கேள்விகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

'காலனிய மனப்பான்மை'ன்னு எல்லாரும் சொல்றாங்க. கதையில எங்க இருக்கு, காட்டுங்க பார்ப்போம்.

கரை ஏறிய கொஞ்ச நேரத்திலேயே காட்டலாம். ஒரு தீவுவாசியைக்கூட இன்னும் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்குள் பீட்டர்கின் திட்டம் போடுகிறான்: தீவை மன்னர் பேரால் கைப்பற்றிக்கொள்வோம், இங்கே இருக்கும் கறுப்பர்களிடம் வேலைக்குச் சேர்வோம், அப்புறம் தானாகவே உச்சிக்குப் போய்விடுவோம், காட்டுமிராண்டி நாடுகளில் வெள்ளையர்கள் எப்போதும் அப்படித்தானே என்கிறான். ஜாக் ராஜா, ரால்ஃப் பிரதம மந்திரி என்று பதவிகளும் பிரித்தாகிவிட்டது. பீட்டர்கின் விளையாட்டுப் பிள்ளை, இது வேடிக்கைப் பேச்சு என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் நாவல் அந்தப் பேச்சை மெய்யாக்கிக் காட்டுகிறது. போர்ப்படகுகள் வந்ததும் ஜாக் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு ஓடி, பெரிய போர்த்தலைவனையே வீழ்த்துகிறான். 18 வயதுப் பையன்!

இன்னொன்று, அறிவு யாரிடம் இருக்கிறது என்பது. ஈரப்பலா, சேம்பு, மரப்பட்டையை அடித்துத் துணி செய்வது எல்லாமே ஜாக்குக்குத் தெரியும். எப்படி? பயணப் புத்தகங்கள் படித்திருக்கிறானாம். அந்தப் புத்தகங்களை எழுதியவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தீவு மக்கள்தான். அவர்கள் பல தலைமுறையாகச் சேர்த்த அறிவு ஆங்கிலப் புத்தகம் வழியாகச் சுற்றி வந்து ஜாக்கின் புத்திசாலித்தனமாகிவிடுகிறது. அறிவைக் கொடுத்த அதே மக்கள் கதைக்குள் வரும்போது கத்துகிறவர்களாகவும் கொல்கிறவர்களாகவும்தான் வருகிறார்கள். அவாத்தியாவின் விஷயத்தில்தான் கதையே திரும்புகிறது, ஆனால் அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரிவதே இல்லை. காப்பாற்றப்படுவதற்கென்றே வந்தவள் போல நிற்கிறாள்.

அந்தக் காலத்துல எல்லாருமே அப்படித்தானே எழுதினாங்க? அவரை மட்டும் குத்தம் சொல்றது நியாயமா?

பெரும்பாலானவர்கள் அப்படி எழுதினார்கள் என்பது சரி. எல்லாரும் இல்லை. அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் 1842-இல் திமிங்கில வேட்டைக் கப்பலிலிருந்து ஓடிப்போய், மார்க்கேசஸ் தீவுகளில் நுகு ஹிவாவில் கொஞ்ச காலம் தீவு மக்களோடு இருந்தார். அந்த அனுபவத்தை வைத்து 1846-இல் எழுதிய 'டைப்பீ'யில் அந்த மக்களின் வாழ்க்கையை ரசித்துச் சொல்கிறார், மிஷனரிகளை வெளுத்தும் வாங்குகிறார். அமெரிக்காவில் அந்தப் பகுதிகளை வெட்டிவிட்டுத்தான் அடுத்த பதிப்பைப் போட்டார்கள். மெல்விலிடமும் குறைகள் உண்டு. இருந்தாலும் வேறு மாதிரி பார்க்க அந்தக் காலத்திலேயே முடிந்தது, பவளத் தீவுக்கு 11 வருஷம் முன்பே ஒருவர் பார்த்திருக்கிறார்.

பாலன்டைனைக் கூண்டில் ஏற்றுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. 1894-இலேயே போய்விட்ட மனிதரிடம் என்ன விசாரணை? அவர் புத்தகம் இன்னும் பிள்ளைகள் கைக்கு வருகிறது என்பதுதான் நம் விஷயம்.

தீவுக்காரங்க மனுஷக்கறி சாப்பிட்டாங்கன்னு வருதே, அது உண்மையா கட்டுக்கதையா?

ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. ஃபிஜியில் நடந்திருக்கிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அகழாய்வில் வெட்டுத் தடங்களுள்ள மனித எலும்புகள் கிடைத்துள்ளன. தாமஸ் பேக்கர் என்ற மிஷனரி 1867-இல் வீட்டி லேவு தீவின் உட்பகுதியில் கொல்லப்பட்டு உண்ணப்பட்டதை அந்த ஊர் மக்களே ஒப்புக்கொள்கிறார்கள். 2003-இல் அவருடைய வம்சத்தாரை அழைத்து மன்னிப்புச் சடங்கும் செய்தார்கள்.

ஆனால் எவ்வளவு நடந்தது, எந்தச் சூழலில் நடந்தது என்பதில் பெரிய சண்டையே உண்டு. இலங்கையைச் சேர்ந்த மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர, மாலுமிகளும் வியாபாரிகளும் எழுதி வைத்த கதைகளில் பெரும்பகுதி ஐரோப்பியர்களின் பயமும் கற்பனையும் கலந்த சரக்கு என்று 2005-இல் ஒரு முழு நூலே எழுதினார். அமெரிக்க மானிடவியலாளர் மார்ஷல் சாலின்ஸ் அதை ஒப்புக்கொள்ளவில்லை, நடந்ததை நடக்கவில்லை என்று சொல்வதும் அந்த மக்களின் வரலாற்றை அழிப்பதுதான் என்ற பக்கம் நின்றார். எனக்கு இருவர் சொல்வதிலும் நியாயம் தெரிகிறது.

நாவலின் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. ஃபிஜி, சமோவா, தஹிதி என்று நூற்றுக்கணக்கான தீவுகள், தனித்தனி மொழிகள், தனித்தனி வழக்கங்கள். பாலன்டைன் வெவ்வேறு நூல்களில் படித்த பயங்கரங்களை எல்லாம் அள்ளி இரண்டு மூன்று தீவுகளில் கொட்டிவிடுகிறார். விலாங்கு மீன் சாமிக்குக் குழந்தைகளை இரையாகப் போடுவது, உயிரோடு இருக்கும் மனிதர்களின் மேல் படகை உருட்டிக் கடலில் இறக்குவது என்று வரிசையாக வருகிறது. விதைப்பு, மீன்பிடி, பாட்டு, தாலாட்டு ஒன்றும் கண்ணில் படாது. கொலை மட்டுமே அன்றாடம் என்று ஆகிவிடுகிறது.

மிஷனரிங்களை இவ்வளவு தூக்கி வெச்சுப் பேசறாரே, ஏன்?

பாலன்டைன் ஸ்காட்லாந்தின் சுதந்திரத் திருச்சபையில் மூப்பராக இருந்தவர், ஆழ்ந்த நம்பிக்கை உள்ளவர். அவரைப் பொறுத்தவரை இது பிரசாரமே இல்லை, சத்தியம். ஆனாலும் தன்னை அறியாமல் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறார். கொள்ளைக் கப்பலில் பில் என்ற முரட்டு மாலுமி ரால்ஃபிடம் சொல்கிறான்: நம்ம கேப்டனுக்கு வேதத்தில் ஒரு அக்கறையும் கிடையாது, ஆனால் வேதம் போய்ச் சேர்ந்த தீவில்தான் கப்பலைப் பயமில்லாமல் நிறுத்தி வேண்டியதை வாங்க முடியும் என்று அவருக்குத் தெரியும் என்கிறான். மதத்துக்குப் பின்னால் வியாபாரம், வியாபாரத்துக்குப் பின்னால் கொடி என்பதைப் பிற்கால விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இங்கே மிஷனரிகளைப் புகழ்வதற்காகவே எழுதிய ஒரு வசனத்தில் அது வந்து விழுகிறது.

நாவலுக்கு ஒரு நல்ல மதிப்பெண்ணும் போட வேண்டும். மாங்கோ என்ற தீவில் நிதானமும் கண்ணியமும் உள்ள ஒரு போதகர் வருகிறார், அவர் தீவுவாசி. இது வரலாற்றோடும் பொருந்துகிறது. பசிபிக் முழுக்கக் கிறிஸ்தவம் பரவியதில் டோங்கா, சமோவா, தஹிதிப் போதகர்களின் பங்கு மிகப் பெரியது.

தராரோ மதம் மாறும் இடம்தான் பலவீனம். பையன்கள் சிறையில் கிடக்க, வெளியே எல்லாம் நடந்து முடிந்துவிடுகிறது. நிஜத்தில் ஃபிஜியின் பாவ் தீவுத் தலைவர் தக்கொம்பாவ் 1854-இல், அதாவது நாவலுக்கு மூன்று வருஷம் முன்பு, கிறிஸ்தவரானார். அப்போது அவர் போரில் நெருக்கடியில் இருந்தார். டோங்கா மன்னர் கடிதம் எழுதி அறிவுறுத்தியிருந்தார். அடுத்த வருஷமே டோங்காப் படை உதவிக்கு வந்து கம்பா போரில் அவர் ஜெயித்தார். நம்பிக்கை, அரசியல், கூட்டணி எல்லாம் கலந்த ஒரு முடிவு அது. நாவலில் தராரோவுக்கு அப்படிக் கணக்குப் போடும் மூளையே கொடுக்கப்படவில்லை.

கடற்கொள்ளையர் எல்லாம் வெள்ளைக்காரங்கதானே? அப்போ ரெண்டு பக்கத்துலயும் கெட்டவங்க இருக்காங்கன்னுதானே காட்டறார்?

நல்ல கேள்வி, கல்லூரிப் பிள்ளைகள் இதில்தான் முட்டிக்கொள்கிறார்கள். கொள்ளையர்கள் மோசமானவர்கள்தான். சந்தனக்கட்டை வியாபாரி என்று வேஷம் போட்டுக்கொண்டு தீவு மக்களைச் சுட்டுத் தள்ளுகிறார்கள், ரால்ஃப் அதைப் பார்த்து வெறுக்கிறான். சந்தனக்கட்டைக்காகப் பசிபிக்கில் நடந்த அக்கிரமங்கள் நிஜம், அதைச் சொன்னதற்குப் பாராட்டலாம்.

ஆனால் கெட்ட வெள்ளையன் தனி ஆளாகக் கெட்டவன். பில்லுக்கு ஒரு பெயர், ஒரு கடந்த காலம், மனசாட்சி, சாகும்போது ஒரு மனமாற்றம் எல்லாம் உண்டு. கெட்ட தீவுவாசி கூட்டமாகக் கெட்டவன். தனி மனிதனாக அவன் யோசித்துத் திருந்துகிற காட்சி ஒன்றுகூட வராது, ஊரே ஒரே நாளில் மாறிவிடும். பையன்களைப் பார்த்து எந்த வாசகரும் ஆங்கிலேயர்கள் எல்லாருமே கொள்ளையர்கள் என்று முடிவு கட்ட மாட்டார். தீவுவாசிகளைப் பற்றி முடிவு கட்டாமல் இருக்க நாவல் வழி விடுவதில்லை, அந்த ஒரு போதகரைத் தவிர.

ஆளில்லாத தீவுல என்ன காலனியம்? அங்கதான் யாருமே இல்லையே!

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். சாகசக் கதைகளின் பெரிய ஆசையே ஆளில்லாத தீவுதான். பழம் பழுத்துத் தொங்கும், பன்றி மேயும், தண்ணீர் இனிக்கும், கேட்க ஆளிருக்காது. பையன்கள் ஒருமுறைகூட 'இது யாருடைய இடம்?' என்று யோசிப்பதில்லை. போர்ப்படகுகள் சுலபமாக வந்து போகிற தூரத்தில் இருக்கும் தீவு யாருக்குமே சொந்தமில்லாமல் இருக்குமா? மீன் பிடிக்க, தேங்காய் பறிக்க என்று அவ்வப்போது வந்து போகும் தீவுகள் பசிபிக் முழுக்க உண்டு.

நிஜமாகவே காலியாக இருந்த ஒரு தீவின் கதையைக் கேளுங்கள். டோங்காவுக்குத் தெற்கே ஆட்டா என்று ஒரு சிறு தீவு. 1863-இல் மெக்ராத் என்ற கேப்டன் 'கிரேஷியன்' என்ற கப்பலில் வந்தான். பண்டமாற்று செய்யலாம் என்று மக்களைக் கப்பலுக்கு அழைத்துக் கதவைச் சாத்தினான். அப்போது பெருவுக்கு ஆள்பிடிக்கும் வியாபாரம் பசிபிக் முழுக்க நடந்துகொண்டிருந்தது. 140-க்கும் மேற்பட்டவர்கள் போனவர்கள் போனவர்கள்தான். மிச்சமிருந்தவர்களை டோங்கா மன்னர் வேறு தீவுக்கு மாற்றிவிட்டார். இப்படித்தான் ஆட்டா ஆளில்லாத தீவானது.

நூறு வருஷம் கழித்து, 1965-இல், டோங்காவின் தலைநகரிலிருந்து ஆறு பள்ளிப் பையன்கள் ஒரு படகைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு கிளம்பிப் புயலில் சிக்கி இதே ஆட்டாவில் ஒதுங்கினார்கள். 15 மாதம் அங்கே இருந்தார்கள். ஒரே நெருப்பை அணையாமல் காத்தார்கள், வேலையை முறை வைத்துப் பிரித்துக்கொண்டார்கள், ஒருவனுக்குக் கால் உடைந்தபோது குச்சி வைத்துக் கட்டிக் குணமாக்கினார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போட்டதில் பாதி அந்தப் பழைய ஊர்க்காரர்கள் விட்டுப்போன சேம்பும் வாழையும் கோழியும். 1966 செப்டம்பரில் ஒரு ஆஸ்திரேலியப் படகுக்காரர் அவர்களைக் கண்டெடுத்தார். பிள்ளைகளுக்குப் பவளத் தீவை வாசித்தால் கூடவே இதையும் நான் சொல்வேன். இரண்டில் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

காலேஜுல 'லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்' பாடம். அது இதுக்கு எதிரா எழுதினதுன்னு சொல்றாங்க, அப்படின்னா காலனியப் பார்வை அதுல இல்லைதானே?

எதிராக எழுதியதுதான், சந்தேகமே இல்லை. வில்லியம் கோல்டிங் பள்ளி ஆசிரியராக இருந்தவர், இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர். பையன்கள் தீவில் மாட்டினால் உண்மையில் எப்படி நடந்துகொள்வார்கள் என்று காட்டத்தான் 1954-இல் அந்த நாவலை எழுதினார். ரால்ஃப், ஜாக் என்ற பெயர்களை அப்படியே வைத்தார். கதையின் தொடக்கத்தில் பையன்கள் 'கோரல் ஐலண்ட்' என்று கத்துகிறார்கள். கடைசியில் வரும் கடற்படை அதிகாரியும் அதே பெயரைத்தான் சொல்கிறார், அதற்குள் இரண்டு கொலை நடந்திருக்கும். பாலன்டைனின் தீமை வெளியிலிருந்து படகில் வந்தது, கோல்டிங்கின் தீமை பையன்களுக்குள்ளேயே இருந்தது. தேர்வுக்கு இவ்வளவு போதும்.

தேர்வைத் தாண்டி ஒன்று. பையன்கள் கெட்டுப்போவதைக் கோல்டிங் எப்படிக் காட்டுகிறார்? முகத்தில் வண்ணம் பூசுகிறார்கள், ஈட்டி எடுக்கிறார்கள், கூட்டமாக ஆடுகிறார்கள். அதாவது பாலன்டைன் வரைந்த அதே 'காட்டுமிராண்டி' உருவத்தை இரவல் வாங்கி ஆங்கிலப் பையன்களுக்கு மாட்டுகிறார். அந்த நாவலில் வரும் பிக்கி என்ற பையன் கோபத்தில் பேசும் ஒரு வசனத்தில் கறுப்பர்களை இழிவுபடுத்தும் சொல் ஒன்று இருந்து, பிற்காலப் பதிப்புகளில் மாற்றப்பட்டது. அங்கே நிஜமான தீவுவாசி ஒருவர்கூட இல்லை, அவர்களுடைய பூச்சு மட்டும் இருக்கிறது. ஆட்டாவின் ஆறு பையன்களை நினைத்துக்கொண்டு இரண்டு நாவலையும் படித்துப் பாருங்கள், இரண்டுமே வேறு மாதிரி தெரியும்.

இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? எங்கயோ பசிபிக் கடல்ல நடந்தது.

சம்பந்தம் இருக்கிறது, அதுவும் பாரதியார் வழியாக. தக்கொம்பாவும் மற்றத் தலைவர்களும் 1874 அக்டோபரில் ஃபிஜியைப் பிரிட்டனிடம் ஒப்படைத்தார்கள். அடுத்த வருஷமே சிட்னியிலிருந்து திரும்பிய கப்பலில் தட்டம்மை வந்து இறங்கியது. சுமார் 40,000 ஃபிஜியர்கள் செத்தார்கள். ஊரில் நான்கில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். சாகசக் கதையில் வெள்ளையன் கொண்டு வருவது வேதமும் துப்பாக்கியும், நோய் கண்ணில் படாது.

அங்கே கரும்புத் தோட்டம் போட ஆள் வேண்டும். 1879-இல் 'லியோனிடாஸ்' என்ற கப்பலில் கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். 1903-இலிருந்து சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின, அதில் தமிழர்களும் தெலுங்கர்களும் ஏராளம். 1916 வரை போனவர்கள் எல்லாரும் சேர்த்து 60,000-க்கும் மேல். பாரதி 'கரும்புத் தோட்டத்திலே' என்று பாடிய பெண்கள் இவர்கள்தான். பீட்டர்கின் விளையாட்டாகப் போட்ட ராஜா, மந்திரிக் கணக்கு நிஜமானபோது அதற்கடியில் வேலை செய்தவர்கள் நம்மவர்கள். பாரதியின் பாட்டையும் இந்த நாவலின் ஒரு அத்தியாயத்தையும் ஒரே வாரத்தில் படிக்க வைத்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு வரலாற்றுப் பாடம் தனியாகத் தேவையில்லை.

இதுக்கு ரெண்டாம் பாகம் இருக்காமே, அது பரவாயில்லையா?

'கொரில்லா ஹன்டர்ஸ்', 1861. அதே மூன்று பேர் பெரியவர்களாகி ஆப்பிரிக்காவுக்குப் போய் வரிசையாகக் கொரில்லா சுடுகிறார்கள். அந்த வருஷம் லண்டனில் கொரில்லா பற்றித்தான் பேச்சு, சூடு ஆறுவதற்குள் எழுதிவிட்டார். பிள்ளைகளுக்கு நான் எடுக்க மாட்டேன். காலனியப் பார்வையைத் தள்ளி வைத்தாலும் சுடுவதைத் தவிர பெரிதாக ஒன்றும் நடக்காத கதை.

சுருக்கப் பதிப்புல அந்த மாதிரி வரியெல்லாம் எடுத்துட்டாங்களே, அதைக் கொடுத்தா பிரச்சினை முடிஞ்சதுதானே?

முடியாது. வரியை எடுக்கலாம், எலும்புக்கூட்டை எடுக்க முடியாது. சுருக்கப் பதிப்புகளில் இழிசொல் போய்விடும், நீளமான பிரசங்கம் போய்விடும். ஆனால் ஆளில்லாத தீவு, எல்லாம் தெரிந்த ஜாக், கூட்டமாகக் கத்தும் தீவுவாசிகள், காப்பாற்றப்படும் அவாத்தியா என்று மேலே பார்த்த அத்தனையும் அப்படியே நிற்கும். சொல்லப்போனால் நிலைமை கொஞ்சம் மோசமாகும். பீட்டர்கினின் அந்த ராஜா மந்திரிப் பேச்சு இருந்தால் பிள்ளையே 'ஏன் இப்படிச் சொல்றான்?' என்று கேட்கும். பேச்சை வெட்டிவிட்டால் கேள்வி வராது, கருத்து மட்டும் உள்ளே போய்விடும். கொடூரமான கொலைக் காட்சிகளைச் சின்னப் பிள்ளைகளுக்காகக் குறைப்பது வேறு விஷயம், அதை நானும் செய்கிறேன்.

அப்போ எந்த வயசுல கொடுக்கலாம்? எப்படிப் படிக்க வைக்கறது?

தனியாகப் படிக்கக் கொடுப்பதென்றால் 13 வயதுக்கு மேல். போர்ப்படகுகள் வரும் அத்தியாயத்தில் ஒரு குழந்தையைக் கடலில் வீசுகிறார்கள், அதைப் பத்து வயதுப் பிள்ளை தூங்கப் போகும் நேரத்தில் தனியாகப் படிக்க வேண்டாம். சேர்ந்து வாசிப்பதென்றால் முதல் பாதியை எட்டு, ஒன்பது வயதிலேயே ஆரம்பிக்கலாம்.

வாசிக்கும்போது உபதேசம் வேண்டாம். இரண்டு மூன்று இடத்தில் நிறுத்திக் கேட்டால் போதும். தேங்காய் வரும் இடத்தில் 'இது நடக்குமா?' என்று கேளுங்கள், சிரித்துக்கொண்டே எழுத்தாளரைச் சந்தேகப்படப் பழகிவிடுவார்கள். அதற்கப்புறம் ஜாக் புத்தகத்தில் படித்ததாகச் சொல்லும் இடத்தில் 'அந்தப் புத்தகக்காரருக்கு யார் சொன்னாங்க?' என்று கேளுங்கள். அவாத்தியா வரும்போது 'அவ என்ன நினைச்சிருப்பா?' என்று கேளுங்கள். எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் இந்த மூன்றாவது கேள்விக்குக் கதையையே தாண்டிய கதைகள் கிளம்புகின்றன.

எனக்கு இந்தப் புத்தகம் ரொம்பப் பிடிக்கும். இதெல்லாம் தெரிஞ்ச அப்புறமும் பிடிக்குதே, தப்பா?

எனக்கும் பிடிக்கும், கடலடிக் குகை வரும் அத்தியாயம் குறிப்பாக. ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனை விடவா? அவர் சின்ன வயதிலிருந்தே பாலன்டைன் ரசிகர். தன் 'டிரெஷர் ஐலண்ட்' முகப்புப் பாட்டிலேயே பாலன்டைனின் பெயரைப் போட்டு வணக்கம் வைத்தவர். அதே ஸ்டீவன்சன் பிற்பாடு சமோவாவில் வீடு கட்டிக் குடியேறினார். நேரில் பார்த்த பிறகு எழுதியது வேறு மாதிரி இருந்தது. ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் சமோவாவில் அடித்த கூத்தைக் கண்டித்து 1892-இல் ஒரு நூல் எழுதினார். அதே வருஷம் வந்த 'தி பீச் ஆஃப் ஃபலேசா'வில் வில்லன் ஒரு வெள்ளை வியாபாரி, ஏமாற்றப்படுவது தீவு மக்கள். ரசிப்பும் விமர்சனமும் ஒரே ஆளிடம் இருக்க முடியாது என்று யார் சொன்னது?

தீவுக்காரங்களே எழுதின புத்தகம் ஏதாவது இருக்கா? அவங்க பக்கம் எப்படித் தெரிஞ்சுக்கறது?

நிறையவே இருக்கிறது. சமோவாவின் ஆல்பர்ட் வெண்ட் எழுதிய 'லீவ்ஸ் ஆஃப் தி பானியன் ட்ரீ' 1979-இல் வந்தது, ஒரு சமோவாக் குடும்பத்தின் பல தலைமுறைக் கதை. பெரியவர்களுக்கான நாவல், சிறுவர்களுக்கு வேண்டாம். எனக்கு இதைவிடப் பிடித்தவர் எபெலி ஹவ்வோஃபா. பெற்றோர் டோங்காக்காரர்கள், பப்புவாவில் மிஷனரிகளாக வேலை பார்த்தவர்கள். மேலே தீவுவாசிப் போதகர்களைப் பற்றிச் சொன்னேனே, அந்த மரபில் பிறந்த பிள்ளை. ஃபிஜியில் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு எழுதினார். 1983-இல் வந்த 'டேல்ஸ் ஆஃப் தி டிகோங்ஸ்' சின்னச் சின்னக் கேலிக் கதைகள். வெளிநாட்டு நிபுணர்களையும் உள்ளூர்ப் பெரிய மனிதர்களையும் ஒரே சீராக வாரியிருப்பார். பதினைந்து வயதுக்கு மேல் தைரியமாகக் கொடுக்கலாம்.

அவர் 1993-இல் 'அவர் சீ ஆஃப் ஐலண்ட்ஸ்' என்று ஒரு கட்டுரையும் எழுதினார். பசிபிக் தீவுகளைப் பெருங்கடலில் தொலைந்த துணுக்குகள் என்று பார்ப்பது வெளியார் பார்வை, எங்கள் முன்னோருக்குக் கடலும் சேர்ந்ததுதான் வீடு, அவர்கள் அதில் போய் வந்து, கல்யாணம் செய்து, சண்டை போட்டு, வியாபாரம் செய்து வாழ்ந்தார்கள் என்பது அதன் சாரம். படித்துவிட்டுப் பவளத் தீவில் அந்த இரண்டு போர்ப்படகுகள் தொடுவானத்தில் தெரியும் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். அந்த இடத்தில் வழி தவறி வந்து நிற்பவர்கள் யார் என்று தெரியும்.